சுடாத கோப்பை

"என் கோப்பை எங்க டீச்சர்?"

மைனா இரண்டாம் தடவை கேட்டாள். பார்சல் கம்பெனியில் புகார் போனை எடுக்கிற பெண். எட்டு மணி நேரமும் பேசிக்கொண்டே இருப்பதால் ஆபீஸ் வைத்த பெயர் அது.

மண்பாண்ட வகுப்பின் கடைசி சனிக்கிழமை. ஆபீஸிலிருந்து பதினோரு பேர். பலகையில் ஏழு கோப்பைகள் சூளையில் வெந்து, செக்கச்செவேலென்று நின்றன. இனி வண்ணம் பூசுவதுதான் பாக்கி.

நாலு கோப்பை மட்டும் போன வாரம் வைத்த மூலையிலேயே, சாம்பல் நிறத்தில், பச்சை மண்ணாக. அதில் ஒன்றின் அடியில் ஊசியால் கீறியிருந்தது: மைனா.

"இதை ஏன் சுடல?"

"விட்டுப்போச்சும்மா. சூளையில இடம் பத்தல."

"ஏழுக்கு இடம் இருந்துச்சு, எங்க நாலுக்கு மட்டும் இல்லையா?"

பக்கத்தில் கோடவுன் அண்ணன் தன்னுடைய சாம்பல் கோப்பையைத் தட்டிப் பார்த்தார். "விடு மைனா. நம்ம நாலு பேர் மூஞ்சி சூளைக்கே பிடிக்கல போல."

மைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒண்ணாம் தேதி அவளுக்கு வேலை நிரந்தரம். இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள். முதல் வகுப்பில் மேனேஜரே சொன்னார், "ஆர்டரைக் கையில வாங்கிட்டு உன் கப்புலயே டீ குடிக்கிற, சரியா?" அந்த ஒரு பேச்சுக்காகத்தான், மூன்று தடவை கோணிச் சரிந்ததை நாலாம் தடவை நிமிர்த்தி எடுத்தாள்.

மேனேஜர் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன டீச்சர் இது? என் பிள்ளைங்க ஆசை ஆசையா செஞ்சது. கொஞ்சம் பொறுப்பு வேணாமா?"

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "மன்னிச்சிடுங்க சார். என் தவறுதான்."

"நாங்க எல்லாரும் ஒரே குடும்பம். ஒருத்தர் முகம் வாடினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது." மைனாவின் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

சார் பேசியதில் மைனாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நாலு கப்பை ஒழுங்கா எண்ணி வைக்கத் தெரியல. எதுக்கு வகுப்பு எடுக்கிறீங்க?"

"உங்க வருத்தம் புரியுது. இனிமே இப்படி நடக்காமப் பார்த்துக்கிறோம்."

மைனா டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

அது அவளுடைய வாக்கியம். தினம் நாற்பது தடவை சொல்வாள். எந்த டிரைவரோ போட்டு உடைத்த பார்சலுக்காக, முகம் தெரியாத யாரிடமோ, அதே குரலில்.

எல்லோரும் குரூப் போட்டோவுக்காக வாசலுக்குப் போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்கிற குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான். என்ன நடந்துச்சு?"

டீச்சர் வாளித் தண்ணீரில் கையை அலசிக்கொண்டே இருந்தார். மண் போன பிறகும் அலசினார்.

"அடுத்த சூளையில நாலையும் வைக்கிறேன். சுட்டு, வண்ணம் பூசி நானே அனுப்பி வைக்கிறேன்."

"அப்போ ஆபீஸுக்கே அனுப்பிடுங்க. ஒண்ணாம் தேதிக்குள்ள வந்தாப் போதும்."

"ஆபீஸுக்கு வேண்டாம்மா. வீட்டு விலாசம் எழுதிக் குடு."

"ஏன்?"

டீச்சர் ஏப்ரன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். கொடுக்க மனசில்லாதவர் மாதிரி கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நீட்டினார்.

"இதோட பின்பக்கம் எழுது."

மைனா பிரித்தாள். முன்பக்கம் ஊதா மையில் நாலு பெயர். இரண்டாவது அவளுடையது. ஆபீஸில் ஊதா மையில் எழுதுகிறவர் மேனேஜர் ஒருவர்தான். பெயர்களுக்குக் கீழே மூன்று வரி.

'இவங்க கப்பைச் சுட வேண்டாம், வீண் செலவு. ஒண்ணாம் தேதிக்கு மேல நாலு பேரும் வேலையில இருக்க மாட்டாங்க. இப்போ அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.'

மைனா தாளைத் திருப்பினாள். கதவு எண்ணை எழுதினாள். தெருப் பெயர் எழுத வரவில்லை.

வாசலிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"மைனா, எங்கம்மா போயிட்ட? நீ வராம நம்ம குடும்ப போட்டோ எப்படி முழுசாகும்?"