இழுத்துப் பார்க்கும் கை

கையோடு வந்துவிட்டது.

பேட்டரியில் முடுக்கியிருந்த, கேபிள் நுனியைக் கவ்வியிருக்க வேண்டிய செம்பு லக் அங்கேயே நின்றது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் விரல் பருமனுள்ள சிவப்புப் பவர் கேபிள் மட்டும் அவன் கையில்.

பலமாகக்கூட இழுக்கவில்லை.

நுனியைத் திருப்பிப் பார்த்தான். செம்பு இழைகள் கருத்திருந்தன. மேல்தோல் உருகி, ஆறி, சுருங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பானெட்டுக்குள் தீப்பிடித்திருக்கும்.

பாட்டைச் சத்தமாக வைத்தால் ஹெட்லைட் மங்குகிறது என்றுதான் கார்க்காரர் அவனுடைய கார் ஆடியோ கடைக்கு வந்திருந்தார். இப்போது அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். வீடியோ பதிவாகிக்கொண்டிருந்தது.

"பொள்ளாச்சி ரோட்டுல திருமூர்த்தின்னு ஒருத்தரு போட்டதுங்ணா. கைராசிக்காரருன்னு சொன்னாங்க. நீங்களே சொல்லுங், இதெல்லாம் ஒரு வேலையா? நாலு பேரு பாக்கட்டும்."

பெயரைச் சொல்லியிருக்க வேண்டாம். கேபிள் நுனியில் சூட்டில் சுருக்கிப் போர்த்தியிருந்த கறுப்பு ஸ்லீவைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்லீவின் நுனியைச் சாய்த்து வெட்டுகிறவன் இந்த ஊரில் ஒருவன்தான்.

முன்பு அவர்கள் இருவருக்கும் ஒரே கடை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் தோலை உரித்து, இழைகளை லக்குக்குள் நுழைத்து, கிரிம்பர் குறடில் நெரிப்பான். மற்றவன் இழுத்துப் பார்ப்பான். அதற்கும் அசையாவிட்டால்தான் ஸ்லீவை மேலே ஏற்றிச் சூடு காட்டுவார்கள். அதுவரை ஸ்லீவ் கீழே தள்ளியே கிடக்கும்.

நெரித்தவன் இழுக்கக் கூடாது.

தான் செய்ததை இழுக்கும்போது கை தயவு பார்க்கும்.

ஒருநாள் அவன் நெரித்த ஒன்று திருமூர்த்தியின் இழுப்பில் உருவிக்கொண்டு வந்தது. அன்று கடை நிறைய ஆட்கள்.

"ஏன்டா மாப்ள, முறுக்குப் புழியற கையாடா இது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அவனும் சிரித்தான்.

அந்த மாதமே வெளியேறித் தனிக்கடை போட்டான். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதே கேள்வி இப்போது தொண்டைவரை வந்து நின்றது. கைபேசி அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வரி போதும். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிடும். திருமூர்த்தியின் கடைக்கு ஒரு வண்டியும் திரும்பாது.

அவன் குனிந்து லக்கைப் பார்த்தான்.

நெரிப்பு ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது. லக் மட்டும் ஓர் அளவு பெரியது. கண்ணுக்குத் தெரியாது. இழுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

இழுக்க அங்கே யார் இருக்கிறார்கள்.

இங்கே யார் இருக்கிறார்கள்.

"போனை இறக்குங்க" என்றான். "இது ஒரு ஆளு செய்யற வேலையில்லீங்க. ரெண்டு ஆளு வேணும்."

"உங்க கடையில எத்தன பேருங்ணா?"

அவன் வெட்டுக்குறடை எடுத்தான்.

கருகிய நுனியை வெட்டி எறிந்தான். தோலைச் சுற்றிலும் கீறி, கத்தி இழைகளில் படாமல் உருவினான். புதுச் செம்பு பளிச்சென்று வெளியே வந்தது. புது ஸ்லீவைக் கோத்துக் கீழே தள்ளினான். சரியான அளவில் வேறொரு லக். கிரிம்பரின் நீண்ட கைப்பிடிகளை உடம்பின் பாரத்தோடு அழுத்தினான்.

பிறகு, பழக்கத்தில், இழுக்கக் கை போனது.

நிறுத்திக்கொண்டான்.

எத்தனையோ வண்டிகளுக்கு அவனே நெரித்து அவனே இழுத்திருக்கிறான். ஒன்றுகூட உருவிக்கொண்டு வந்ததில்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறுத்தியது.

ஸ்லீவைக் கீழேயே விட்டான். சூடு காட்டவில்லை. கேபிளைப் பேட்டரியில் மாட்டவும் இல்லை. லக்கின் மேல் துணியைச் சுற்றி, எதிலும் படாமல் ஓரமாகக் கட்டினான்.

"வண்டி ஓடும். பாட்டுப் பாடாது. நேரா திருமூர்த்திகிட்டப் போங்க."

"மறுபடியும் அந்தாளுகிட்டயா? போயி என்னன்னு சொல்றதுங்ணா?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பானெட்டத் தொறந்து விடுங்க. போதும்."

கார்க்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படம் எடுத்ததை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று தெரியாதவர்போல் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மதியம் அவன் சாப்பிடவில்லை. வேறொரு வண்டியின் கதவைக் கழற்றினான். செய்ய வேண்டியதைச் செய்யாமலே மறுபடி மாட்டினான்.

வெயில் இறங்கும்போது, காருக்கு முன்னால் அதன் பாட்டு வந்தது. தெருமுனையிலேயே கடை ஷட்டர் அதிர ஆரம்பித்தது. ஹெட்லைட்டைப் போட்டே கொண்டுவந்தார்.

மங்கவில்லை.

கார்க்காரர் பாட்டைக் குறைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"அந்தண்ணன் பானெட்டுக்குள்ள பாத்தாருங்ணா. சுத்தியிருந்த துணிய அவுத்தாரு. அப்புறம் லக்கக் குறடுல புடிச்சுக்கிட்டு, காலை பம்பர்ல முட்டுக் குடுத்து இழுத்தாரு பாருங், வண்டியே ஆடிப்போச்சு."

"வந்துச்சா?"

"எங்கீங் வருது."

அவன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டா, குடு போன்னு மொகத்தத் திருப்பிக்கறாரு. உங்க ரெண்டு பேருக்கும் என்னதானுங்ணா?"

ஒரு முழச் சிவப்புக் கேபிள். நுனியில் புதிதாக நெரித்த லக். ஸ்லீவ் கீழே தள்ளிக் கிடந்தது. அதன் நுனி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

கார் போன பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பிறகு உள்ளே போய், லக்கை மேசையில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினான். கேபிளை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டான். காலை மேசையில் முட்டுக் கொடுத்தான்.

தயவு பார்க்காமல் இழுத்தான்.