லிகோரியின் பாவசங்கீர்த்தனம்

"இஞ்ஞாசி அண்ணாச்சி வள்ளத்து எஞ்சினைத் திருடுற பாவத்துக்கு என்ன தண்டனை சாமி?"

சனிக்கிழமை சாயங்காலம் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த லிகோரி, கருவாட்டு விலையை விசாரிப்பதுபோல் கேட்டான். பங்குச் சாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, போலீஸ் பயம் இல்லையா?"

"ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்தாச்சுல்லா."

"நரகத்து நெருப்பு?"

"நம்ம ஊரு வெயில விடவா சாமி?"

"முழங்கால்ல நின்னு அஞ்சு ஜெபமாலை சொல்லு. அப்பவாவது உறைக்குதான்னு பாப்போம்!"

லிகோரி ஜெபமாலையின் ஒரு மணிகூடத் தப்பாமல் சொல்லி முடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு வந்து நின்றான். சாமியாருக்கு மனம் இளகிவிட்டது.

"நல்லது. எஞ்சின் இப்ப எங்கன இருக்கு?"

"வள்ளத்துலதான் சாமி. தண்டனைதான் முடிஞ்சிட்டே, இனி எடுக்க வேண்டியதுதான். நாளைக்கு ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு ஊரே இங்கன வந்துரும்லா? நீங்க மட்டும் பிரசங்கத்தக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க."