முதல் குடம்

குடம் நீலமா பச்சையா, இப்போது நிச்சயமில்லை. வெயில் இருந்ததா என்பதும்.

அவள் முகம் அதற்குள் இருந்தது. அது நிச்சயம்.

எங்கள் கம்பெனியில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, குடமும் வாளியும் வார்ப்போம். எது குடத்துக்கு, எது சாக்கடைக் குழாய்க்கு என்று பிரிப்பது அவள். ஒவ்வொரு கேனையும் மூடி திறந்து முகர்வாள். பூச்சிமருந்து கேன் என்றால் குழாய்க் குவியலுக்குப் போகும்.

அந்த மூக்குக்காகத்தான் அவளுக்கு வேலை.

அச்சிலிருந்து புது நிறம் இறங்கினால், முதல் குடத்தில் தண்ணீர் ஊற்றி எல்லோரும் ஒரு வாய் குடிக்க வேண்டும். அப்புறம்தான் லாரியில் ஏற்றுவது. அங்கே அப்படி ஒரு வழக்கம்.

அன்று அவள் மகள் செல்வி சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். வயிற்றில் மூன்று மாதம். முதல் தம்ளரைச் செல்வியிடம் கொடுத்தார்கள்.

உதடு வரை கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

"யம்மா, வயலுக்கு அடிக்கிற மருந்து வாடை வருது."

சிரித்தார்கள்.

"மசக்கைக்காரிக்கு மாப்பிள்ளையே நாறுவான்" என்றார் சூப்பர்வைசர் ஜெபராஜ். "அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவள் குடத்துக்குள் குனிந்தாள்.

மெஷினை நிறுத்தியிருந்தார்கள். குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

போன மழையில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை போய்விட்டிருந்தது. கருவாடும் மல்லிகையும் ஒன்றுதான். அன்று அது யாருக்கும் தெரியாது. வருஷங்கள் கழித்து, பஸ் நிறுத்தத்தில், அவளே என்னிடம் சொன்னாள். காய்ச்சலிலிருந்து அன்று வரை கேன்களைக் கண்ணால் பார்த்தே பிரித்திருக்கிறாள்.

முகத்தை எடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்ல. லாரி போகட்டும்."

ஜெபராஜ் டிரைவரைக் கூப்பிடத் திரும்பினார்.

அவள், மகள் கையிலிருந்த தம்ளரை வாங்கினாள். மெதுவாக, சத்தமில்லாமல், சுவரோரம் மண்ணில் ஊற்றினாள். மகளை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

பிறகு குடத்திலிருந்து மொண்டு, தானே முதல் வாய் குடித்தாள்.

அடுத்து நாங்கள்.

மறுவாரமே அவள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். செல்விக்குப் பெண் பிறந்தது. நன்றாக இருக்கிறது. ஜெபராஜ் சொந்தமாக மெஷின் போட்டார். நான் அங்கேயே இருக்கிறேன்.

குடங்கள் எல்லாம் முதல் சந்தையிலேயே விற்றுத் தீர்ந்தன.