ராக்கப்பன் காலமானார்

சூரியநெல்லித் தோட்டத் தமிழர்களுக்காக ஈஸ்வரன் நடத்தும் மாதப் பத்திரிகையில் தன் மரணச் செய்தியைப் படித்த ராக்கப்பன், நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“மன்னிச்சிருங்கண்ணே. செத்தவர் பேரும் ராக்கப்பன். படம் மாறிப்போச்சு.”

“செத்தாத்தான் நம்மளை நல்லவன்னு எழுதுவீங்க போல!” ராக்கப்பன் சிரித்தார்.

“அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுர்றேன்.”

“அது கெடக்கட்டும் சார். கம்பத்துல இருக்கிற என் தம்பிக்காக உங்க பேப்பருக்குச் சந்தா கட்டியிருக்கேன். அவனோட பேச்சுவார்த்தை இல்ல. ஆனா, நான் செத்துட்டேன்னு படிச்சும் வரலையே! ஒரு போன்கூட இல்ல.”

ஈஸ்வரன் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினான்.

“ஒருவேளை பேப்பர் அவனுக்குப் போகலையோ?” ராக்கப்பனின் குரல் கெஞ்சியது.

“நம்ம பத்திரிகை சந்தாதாரருக்குப் போகாம இருக்குமாண்ணே?”

“அப்ப அவன் மனசு அவ்வளவுதான்.” துண்டால் கண்ணைத் துடைத்தபடி ராக்கப்பன் படியிறங்கினார்.

ஈஸ்வரன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். தபாலில் அனுப்பக் காசில்லாமல் மாதக்கணக்காகத் தேங்கிய பத்திரிகைக் கட்டுகள். பத்திரிகை இன்னும் வருகிறது என்று காட்ட, டீக்கடைக்கு மட்டும் ஒரு பிரதி போட்டுவந்தான். அதைத்தான் ராக்கப்பன் படித்திருந்தார்.

கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் தெருமுனையில் திரும்பிவிட்டார்.

ஈஸ்வரன் கட்டுகளைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.