வண்டில் நிறுத்த ஒரு வளவு

"வண்டில் விட இடம் பாக்காம ஆத்தங்கரைய ஆருக்காகச் சோடிச்சீங்க?"

பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது ஸம்ஸியாவின் குரல். முன்விறாந்தையில் இருந்த ஷரிபுதீன் தலை குனிந்தார். கிராமச்சங்கத்தின் சேர்மன் அவர். பக்கத்தில் கடதாசிக் கட்டோடு கிளாக்கர் சாமித்தம்பி.

ஆள் அனுப்பிக் கேட்டபோது ஸம்ஸியா ஒரே பதில்தான் சொல்லியிருந்தாள். "சேர்மனுக்குக் காணி வேணுமெண்டா சேர்மனா வரட்டும். கிளாக்கரோட, கடதாசியோட."

ஆற்றங்கரையில் கற்சுவர் கட்டி, பூங்கன்று நட்டு, சந்தையையும் அங்கே மாற்றியாயிற்று. முதல் சந்தையன்றே சொறிக்கல்முனையிலிருந்தும் பாலமுனையிலிருந்தும் வந்த வண்டில்கள் றோட்டை அடைத்து நின்றன. பஸ் ஒரு மணித்தியாலம் அசையவில்லை. அவிழ்த்துவிட்ட மாடுகள் பூங்கன்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"நாளைக்கு அரசாங்கக் கச்சேரியால துரை வாறார்," என்றார் ஷரிபுதீன். "வண்டில் நிறுத்த இடம் காட்டாட்டி, சந்தையப் பழைய இடத்துக்கே கொண்டு போகச் சொல்லிருவார். மூணு வருசம் பட்ட பாடு வீணாப் போயிரும். பக்கத்துல இருக்கிறது உங்கட வளவு ஒண்டுதான்."

"எங்கட வளவெண்டு இப்பதான் தெரிஞ்சுதாக்கும்! வெள்ளிக்கிழமை கூட்டத்துல எழும்பி நிண்டு, 'அந்த வளவுல வண்டில் விடலாம், நான் பொறுப்பு' எண்டது ஆரு?"

"நான்தான்."

"வாப்பா எனக்கு எழுதித் தந்த காணி. கைதட்டு வாங்கினது நீங்க."

சாமித்தம்பி கூரையில் பல்லி தேடினார்.

"நாலு பேருக்கு முன்னால வாய் தவறிப் போச்சு."

"தவறல்ல. வாய் நீளம்."

உள்ளேயிருந்து மீன் ஆணத்தின் வாசம் வந்தது. ஷரிபுதீன் எச்சிலை விழுங்கிக்கொண்டார்.

"அந்த நாலு மாமரமும் வாப்பா வெச்சது," என்றாள் ஸம்ஸியா. "அவர் மவுத்தாகி ஒரு வருசம் முடியல்ல. அதை வெட்டிப்போட்டு வண்டில் விடப் போறீங்களா?"

"வெட்டுறதா! வெயிலுக்க வாற மாட்டுக்கு நிழல் வேணாமா? கோடாலியோட வாறவன்ட கையை முறிப்பன்."

உள்ளே வளையல் அசைந்தது.

"மரத்தையும் விட்டு, எத்தனை வண்டில் நிக்கும்?"

"அறுபது நிக்கும்," என்றார் சாமித்தம்பி அவசரமாக.

"காரு?"

"ஊருல இருக்கிறதே மூணு காரு," என்றார் ஷரிபுதீன். " அதுலயும் ஒண்டைத் தள்ளிக்கொண்டுதான் வருவாங்க."

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெளிவரப் பார்த்து அடங்கியது.

"கிணத்தடியில மாட்டுக்குத் தண்ணித் தொட்டி கட்டணும். அதுல வாப்பாட பேர் இருக்கணும்."

"சீனிமுகம்மது தொட்டியெண்டே எழுதுவம்."

"அடுத்த கூட்டத்துல, வளவு ஆருட எண்டும் சொல்லணும்."

ஷரிபுதீன் தொண்டையைச் செருமினார். "சொல்றன். கேக்காம வாக்குக் குடுத்தது என்ட பிழையெண்டும் சொல்றன்."

கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அண்டைக்கே தந்திருப்பன்."

கதவிடுக்கால் ஒரு கை நீண்டது. சாமித்தம்பி சம்மதக் கடிதத்தையும் பேனையையும் கொடுத்தார். கையெழுத்தோடு அது திரும்பி வந்தது.

ஷரிபுதீன் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். "அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். அப்ப நாங்க வாறம்."

"கிளாக்கரய்யா, சேர்மனைக் கூட்டிக்கொண்டு போங்க," என்றாள் ஸம்ஸியா. "என்ட புருசன மட்டும் உள்ளுக்கு விட்டுட்டுப் போங்க. மூணு நாளாச் சங்கக் கந்தோர் மேசையில படுத்தது போதும்!"