பேர் எழுத வேண்டாம்

“இந்தப் பிள்ளையார் சுழி யாரோடதுன்னு நான் வேற சொல்லணுமா?”

வார்டில் பயிற்சி கொடுக்கும் சாராள் சிஸ்டர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். நர்ஸ் பயிற்சிப் பெண்கள் எல்லோரும் பாஞ்சாலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அந்த வருஷம் சேர்ந்தவர்களில் அவள் ஒருத்திதான் இந்து.

போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். வார்டில் பயிற்சி எப்படி நடக்கிறது என்று மாணவிகளையே கேட்கும் சீமைக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கியிருந்தார். அது நம் ஊர்ப் பெண்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டுமாம்.

“பேர் எழுத வேண்டாம். டிக் மட்டும் போடுங்க, யாருக்கும் தெரியாது” என்றார். பனியில் டூட்டிக்கு வருவதைப் பற்றிய கேள்வியைக்கூட மழை என்று மாற்றத் தெரிந்தவர்தான். ஆனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் தலையில் சாமிக் குறி போடாமல் நம் பெண்களுக்குக் கை ஓடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தாள்களைத் தபாலில் அனுப்பும் பொறுப்பு சிஸ்டரிடம். பிரித்துப் பார்க்காமல் அனுப்ப அவர் என்ன தேவதையா?

“‘தவறு செய்தால் தனியாக அழைத்துத் திருத்துகிறார்.’ இதுக்கு ரெண்டு பேர் ‘ஒருபோதும் இல்லை’ன்னு டிக் போட்டிருக்கீங்க. ஒண்ணுல சிலுவை. அதை யார்கிட்ட போய்க் கேட்கிறது, எல்லார் தாள்லயும் அதான் இருக்கு. இன்னொண்ணு இது. பாஞ்சாலி, பெட்டியைக் கட்டு!”

அத்தனை பேர் முன்னால்தான் கத்தினார். பாஞ்சாலி மறுக்காமல் குனிந்த தலையோடு விடுதிக்குப் போனாள்.

பின் வரிசையில் எஸ்தர் முன்னால் நின்றவளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அந்தச் சுழியைப் போட்டவள் அவள்தான்.

பிரசவ வார்டில் ஊரார் பார்க்க சிஸ்டரிடம் கன்னத்தில் அறை வாங்கியவள் அவள். அந்த ஆத்திரத்தில் டிக் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் முதல் சந்தேகம் தன்மேல் விழும் என்ற பயம் வந்தது. பாஞ்சாலி மாட்டுவாள் என்று தெரிந்தே தாளின் தலையில் சுழியைப் போட்டாள். இப்போது மனசாட்சி பிடுங்கித் தின்றது.

ஒரகடம் ரோட்டில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவளிடம் மூச்சிரைக்க ஓடினாள்.

“வூட்டுல இன்னா சொல்லப்போற?”

“சொல்றதுக்கு இன்னா கீது? பிள்ளைப்பாக்கத்துல மாமன் மவன் ரெடியா கீறான். வர்ற முகூர்த்தத்துல தாலி கட்டிடுவாங்க. நர்சு வேலையெல்லாம் அவ்ளோதான்.”

எஸ்தர் அழுதேவிட்டாள். “என்ன மன்னிச்சிடு பாஞ்சாலி. அந்தச் சுழி நான் போட்டதுடி. பழி உன்மேல போவட்டும்னுதான் போட்டேன். இப்பவே போயி சிஸ்டர்கிட்ட உண்மைய சொல்லிடறேன்.”

பாஞ்சாலி அவளையே பார்த்தாள். அடி விழும் என்று எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள். விழவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்து நின்றது. பாஞ்சாலி ஏறாமல் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம், சொல்லாத.”

“ஏன்டி? ஒண்ணுமே பண்ணாத நீ எதுக்குப் போவணும்?”

பாஞ்சாலி தலை நிமிரவில்லை.

“அந்தச் சிலுவை நான் போட்டதுடி.”