எல்லையில் நிற்கும் கார்மேகம்

"சாப்பிட்டீங்களாண்ணே?"

பானுப்பிரியா தினமும் போனில் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

"ஆச்சு தாயி" என்பார் டிரெய்லர் டிரைவர் கார்மேகம்.

"எல்லையில வண்டி எவ்வளவு தூரம் நிக்குது?"

"கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு நிக்குது. வெயிலு மண்டையப் பொளக்குது."

அண்டை நாடு வணிகக் கூட்டமைப்பை விட்டு விலகியதிலிருந்து எல்லையில் வண்டிக்கு வண்டி சோதனை. அதற்கு அமீரக அரசாங்க பட்ஜெட்டில் என்ன ஒதுக்குவது என்று திட்டம் போடுவதுதான் அவள் டியூட்டி. மேலிடத்து அறிக்கைகளை விட, ஊர்க்காரர் கார்மேகத்தின் வாய்ச்சொல்லையே அவள் பெரிதும் நம்பினாள்.

அன்று அவள் குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"அண்ணே, டிரைவருங்களுக்கு நிழல்கூடம், குடிதண்ணி எல்லாமே பட்ஜெட்ல வந்துடுச்சு! உங்க புண்ணியம். நாளைக்கு இடம் பார்க்க அங்க வர்றோம். எந்தப் பக்கம் நிப்பீங்க?"



"தாயி, நா அங்க இல்ல. தொழில் படுத்துருச்சுன்னு சோதனை வந்த முத மாசமே எங்க மொதலாளி கஃபீல் வண்டிய வித்துட்டாரு. வேலையில்லாம அஜ்மான் ரூம்லதான் கெடக்கேன்."

"அப்ப இத்தன நாளா சொன்னதெல்லாம்?"

"முதல்ல பாத்தத வச்சுத்தான் சொன்னேன். வண்டி இல்லன்னா நீ போன் போட மாட்டியே. சாப்பிட்டியான்னு கேக்க எனக்கு இங்க வேற ஆரு இருக்கா?"

மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்குப் புரியவில்லை. திட்டத்தான் வாயெடுத்தாள். வேறொன்று உறைத்தது.

"அண்ணே, தினமும் சாப்பிட்டாச்சுன்னு சொன்னீங்களே... அதுவும் பொய்யா?"